மின்காந்தம்: ஒரு சொல், மூன்று வேலை

மின்காந்தம் என்றால் மின்னோட்டம் பாயும்போது மட்டும் காந்தமாக இருக்கும் கம்பிச்சுருள். சுருளின் நடுவே பெரும்பாலும் தேனிரும்பு (மென்மையான இரும்பு) உள்ளகம் இருக்கும். பழைய காலிங்பெல்லைக் கழற்றினால் செம்புக் கம்பி சுற்றிய ஒரு கட்டை தெரியுமே, அதுதான். வைண்டிங் கடையில் இதைக் 'காயில்' என்பார்கள், பாடநூலில் மின்காந்தம். பொருள் எளிது. ஆனால் இந்தச் சொல்லுக்குள் இருக்கும் இரண்டு சொற்களும் வெவ்வேறு ஊரிலிருந்து வந்தவை.

முதலில் காந்தம். வடமொழியில் 'அயஸ்' இரும்பு, 'காந்த' விரும்பப்பட்டது. அயஸ்காந்தம் என்றால் இரும்பின் அன்புக்குரியது. லட்சுமிகாந்தன் என்ற பெயரிலும் சந்திரகாந்தக் கல்லிலும் இருப்பது இதே 'காந்த'தான். தமிழில் அது அயக்காந்தம் ஆகி, முன்பாதி உதிர்ந்து வெறும் காந்தமாக நின்றது. சீனத்திலும் காந்தக் கல்லுக்கு 'அன்புக் கல்' என்ற பொருளில்தான் பழைய பெயர் வழங்கியது. இழுப்பதைப் பார்த்தவர்களுக்குக் காதல் நினைவுக்கு வந்திருக்கிறது. கிரேக்கர்களுக்கோ ஊர் நினைவு. மக்னீசியா என்ற பகுதியின் பெயரே அந்தக் கல்லுக்கு ஒட்டி, பிறகு 'மேக்னெட்' ஆனது.

தமிழில் இந்தச் சொல் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் ஐந்தாம் நூற்பா 'காந்தம் கண்ட பசாசத் தவையே' என்று முடிகிறது. இங்கே பசாசம் பேயல்ல, இரும்பு. காந்தத்தின் முன்னே இரும்பு இயங்குவதுபோல, அருளின் முன்னே உயிர்கள் இயங்குகின்றன என்பது உவமை. இரும்பைக் காந்தம் இழுப்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தியாக இருந்தால்தான் இப்படி உவமை சொல்ல முடியும்.

'காந்துதல்' என்ற தமிழ் வினையிலிருந்து காந்தம் வந்திருக்கலாமே என்று தோன்றலாம். காந்துதல் என்றால் எரிதல். கண் காந்துகிறது என்கிறோம், அடிப்பிடித்த சோற்றைக் காந்தல் என்கிறோம். எரிவதற்கும் இழுப்பதற்கும் இடையே பொருள் பாலம் இல்லை. அயக்காந்தம் என்ற முழு வடிவமே மூலத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. வேண்டுமானால் 'ஈர்ப்பான்' என்று தனித்தமிழில் ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் ஈர்ப்பு என்ற சொல்லைப் புவியீர்ப்பு ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. தவிர, காந்தம் விலக்கவும் செய்யும். எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் புழங்கிவரும் சொல்லை மாற்றுவதில் பயனில்லை.

'மின்' அசல் தமிழ். மின்னு, மின்னல், மின்மினி எல்லாம் ஒரே வேர், ஒளிவிடுதல் என்ற பொருள். ஐரோப்பியர் வழி வேறு. ஆம்பர் என்னும் இறுகிய மரப்பிசினைத் தேய்த்தால் துரும்புகள் ஒட்டும். கிரேக்கத்தில் ஆம்பரின் பெயர் எலெக்ட்ரான். 1600இல் காந்தம் பற்றிய தம் நூலில் வில்லியம் கில்பர்ட் அதிலிருந்து 'ஆம்பர் போன்ற' என்ற பொருளில் ஒரு லத்தீன் சொல்லை ஆக்கினார். அவர்கள் பிசினைப் பிடித்துக்கொண்டார்கள், நாம் மின்னலைப் பிடித்துக்கொண்டோம். நம் சொல் கைக்கு அடக்கமானது. மின்னோட்டம், மின்தடை, மின்னழுத்தம், மின்னூட்டம் (இலங்கையில் மின்னேற்றம்) என்று எதனுடனும் ஒட்டும்.

இரண்டையும் சேர்த்து வைத்தது 1820. கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் எர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். வகுப்பில் இதைச் செய்யும்போது கம்பியை வடக்குத் தெற்காக, ஊசிக்கு நேர் மேலே பிடிக்க வேண்டும். கிழக்கு மேற்காகப் பிடித்தால் கம்பியின் காந்தப்புலமும் வடக்குத் தெற்காகவே அமையும், ஊசி அசையாமலே நிற்கலாம். 'சோதனை வரவில்லை' என்று நோட்டில் எழுதுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

குழப்பம் தொடங்கும் இடம் இது. சுருள் என்ற பொருள், மின்னோட்டம் காந்தப்புலம் உண்டாக்குகிறது என்ற நிகழ்வு, அதைப் படிக்கும் துறை, மூன்றையும் மாணவர்கள் 'மின்காந்தம்' என்றே எழுதிவிடுகிறார்கள். பொருளை மின்காந்தம் என்றும், துறையை மின்காந்தவியல் என்றும் எழுதுங்கள். நிகழ்வை 'மின்னோட்டத்தின் காந்த விளைவு' என்று விரித்தே எழுதலாம். இன்னொன்று, 'காந்த சக்தி' வேண்டாம். இழுப்பது விசை, எனவே காந்த விசை. சக்தி என்றால் ஆற்றலா விசையா என்ற கேள்வி வரும், மதிப்பெண்ணும் போகும்.

பொருளைக் கையால் செய்து பார்த்தால் சொல் மறக்காது. 10 செ.மீ. நீளம், 6 மி.மீ. பருமன் உள்ள சாதாரண இரும்பு ஆணி ஒன்று. கான்கிரீட் ஆணி வேண்டாம். 26 கேஜ் எனாமல் பூசிய செம்பு வைண்டிங் கம்பி 3 மீட்டர். 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்று. இரு முனையிலும் 15 செ.மீ. விட்டுவிட்டு 100 சுற்றுச் சுற்றினால் ஒரே அடுக்கில் ஏறக்குறைய 5 செ.மீ. இடம் பிடிக்கும். கம்பியின் மின்தடை மொத்தமே 0.3 ஓம்தான். அதனால் செல்லிலிருந்து பெரிய மின்னோட்டம் கிளம்பும், கம்பி சுடும், செல் சீக்கிரம் தீரும். ஐந்து பத்து விநாடிக்கு மேல் இணைத்து வைக்காதீர்கள். வீட்டுப் பிளக்கின் 230 வோல்ட் பக்கமே போகக் கூடாது.

குண்டூசி ஒட்டவில்லையா? முதலில் கம்பி முனையைப் பாருங்கள். எனாமல் கண்ணுக்குச் செம்பு போலவே தெரியும், ஆனால் மின்சாரத்தைக் கடத்தாது. 2 செ.மீ. அளவுக்கு உப்புத்தாளால் சுற்றிலும் தேய்த்து, வெளிறிய செம்பு தெரிய வேண்டும். அடுத்தது இரண்டாம் அடுக்கு. ஆணியின் கோடியிலிருந்து திரும்பி வரும்போது பலரும் சுற்றும் திசையையும் மாற்றிவிடுவார்கள். இரண்டு அடுக்குகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். நீள வாக்கில் திரும்பி வரலாம், ஆனால் வலமாகத் தொடங்கினால் கடைசிவரை வலமே. எனாமல் இல்லாத வெறுங்கம்பியை நெருக்கிச் சுற்றினால் சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டு, மின்னோட்டம் குறுக்கு வழியில் போய்விடும். 1825 வாக்கில் முதல் மின்காந்தம் செய்த வில்லியம் ஸ்டர்ஜனுக்கு இதே தொல்லை இருந்தது. அவர் கம்பிக்குப் பதில் இரும்புக்கு வார்னிஷ் பூசி, வெறுங்கம்பியை இடைவெளி விட்டு 18 சுற்று சுற்றினார். 200 கிராம் எடையுள்ள இரும்பு 4 கிலோ தூக்கியது. பின்னால் அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி கம்பிக்கே பட்டு நூல் உறை போட்டு நெருக்கிச் சுற்றினார், தூக்கும் எடை பல மடங்கு கூடியது.

செல்லை எடுத்த பிறகும் குண்டூசிகள் கொத்தாகத் தொங்கினால் ஆணி எஃகு. எஃகு காந்தத்தன்மையைத் தேக்கி வைக்கும், தேனிரும்பு விட்டுவிடும். இதற்குப் பெயர் காந்தத் தேக்குத்திறன். ஆணியைச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்காமல் தானாக ஆறவிட்டால் ஓரளவு மென்மையாகும். ஒன்றிரண்டு ஊசி ஒட்டியிருந்தால் பரவாயில்லை.

ஒரு கணக்கு. மின்னோட்டம் 2 ஆம்பியர் என்று கொண்டால், 5 செ.மீ.க்கு 100 சுற்று என்பது மீட்டருக்கு 2000 சுற்று. ஆணி இல்லாமல் சுருளுக்குள் காந்தப்புலம் ஏறக்குறைய 5 மில்லி டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு). தமிழ்நாட்டில் புவிக் காந்தப்புலம் 0.04 மில்லி டெஸ்லா அளவுதான், எனவே நூறு மடங்குக்கு மேல். ஆணியைச் செருகினால் பல மடங்கு கூடும். ஆனால் இரும்பின் உட்புகுதிறன் (புலத்தைப் பெருக்கும் தன்மை) ஆயிரக்கணக்கில் என்று பாடநூல் சொல்வதால் ஆயிரம் மடங்கு ஆகாது. இரு முனையும் திறந்து கிடக்கும் குட்டை ஆணியில் அந்தப் பெருக்கம் கிடைப்பதில்லை, வளையமாக மூடிய உள்ளகம் வேண்டும்.

காந்தப்புலம் என்றேன். ப் என்ற ஒற்றை விட்டுவிடாதீர்கள். புலம் என்றால் பழந்தமிழில் வயல், இடம், திசை. மைக்கேல் ஃபாரடே 1845இல் காந்தத்தைச் சுற்றியுள்ள வெளிக்கு வைத்த ஆங்கிலச் சொல்லுக்கும் பொருள் வயல்தான். வயல், இடம், திசை மூன்றும் ஒரே சொல்லில் கிடைத்த மொழிபெயர்ப்பு. திசை உள்ள ஓர் அளவுக்கு இதைவிடப் பொருத்தமாக அமையாது.

தூண்டலில்தான் கலைச்சொல் சறுக்குகிறது. காந்தத்தின் பக்கத்தில் வைத்த ஆணி தானும் காந்தமாவது காந்தத் தூண்டல். புலத்தின் வலிமையையும் சில நூல்கள் அதே பெயரில் சொல்கின்றன. அங்கே காந்தப் பாய அடர்த்தி என்று எழுதினால் குழப்பமில்லை. ஃபாரடே 1831இல் கண்டது மின்காந்தத் தூண்டல். சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவான காந்தப் பாயம் மாறும்போது, கடத்தியில் மின்னோட்டத்தைச் செலுத்தும் மின்னியக்கு விசை பிறப்பது அது. அங்கே மின்காந்தம் என்ற கருவி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, சாதாரணச் சட்டக் காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்து எடுத்தாலே போதும். 'மாறும்போது' என்பதுதான் உயிர். காந்தத்தை உள்ளே வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் சுருளோடு இணைத்த, சிறு மின்னோட்டத்தையும் காட்டும் கால்வனாமீட்டரின் முள் சுழிக்குத் திரும்பிவிடும். இண்டக்‌ஷன் அடுப்பின் பெயரில் இருப்பது இந்தத் தூண்டல். அதில் வைக்கும் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டாத எவர்சில்வர் சட்டியை வைத்தால் அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடும்.