பீலித் தண்ணீர் தெளிவுதான், அதற்கு மேலே என்ன இருக்கிறது?

ஹப்புத்தளைப் பக்கம் கெபின் எடுத்துத் தங்கிப் போன ஒரு கொழும்புக் குடும்பத்தில் இப்போது மூன்று பேருக்குச் செங்கமாரி. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய மகன் கண் மஞ்சளாகி, ஒரு வாய் சோறு இறங்காமல் படுத்திருக்கிறார். எங்கே தண்ணீர் குடித்தீர்கள் என்று விசாரித்தபோது தாயார் சொன்னது: "கடைத் தண்ணியே வாங்கல்ல ஐயா. சுத்தமான ஊத்துத் தண்ணிதான் குடிச்சோம்."

மலையகத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்யும் எனக்கு இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு மனம் சலித்துவிட்டது. டிசம்பர் லீவுக்கு எத்தனையோ பேர் கெபின் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். "பக்கத்திலேயே இயற்கை ஊற்று" என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் முற்பணம் கட்டுகிறீர்கள். அந்த ஊற்றைப் பற்றித்தான் பேச வேண்டும்.

தெளிவாக இருக்கிறது, ஜில்லென்று இருக்கிறது, மலையிலிருந்து வருகிறது. இந்த மூன்றில் எதுவும் தண்ணீர் சுத்தம் என்பதற்குச் சாட்சி இல்லை. செங்கமாரி தரும் ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸ் கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, ருசிக்காது. குளிர்ந்த நீரில் அது சாவதும் இல்லை, மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். குடிநீருக்கான இலங்கைத் தரநிர்ணயம் எஸ்.எல்.எஸ். 614-இன்படி 100 மில்லிலீற்றர் நீரில் ஒரு ஈ.கோலை பக்டீரியா கூட இருக்கக் கூடாது. ஈ.கோலை இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் மாதிரி எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பும் போத்தல்களில், பார்க்க மிகத் தெளிவாக இருந்த தண்ணீர்தான் பல தடவை தோற்றிருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் ஊற்று என்று குடிப்பது பெரும்பாலும் ஊற்றுக்கண் இல்லை. மேலே எங்கோ கசியும் நீரை அல்கத்தீன் ஹோஸில் பிடித்து, கெபின் பக்கத்தில் ஒரு மூங்கில் பீலியில் விட்டிருப்பார்கள். படம் எடுக்க அழகாக இருக்கும். அந்த ஹோஸைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் பாருங்கள். நாங்கள் ஏறுகிறோம். அண்மையில் ஏறியபோது ஹோஸின் வாயில் ஒரு பழைய சட்டைத் துணி கட்டியிருந்தது, அதுதான் அங்கே ஃபில்டர். துணியில் கறுப்பாகப் பாசியும் அழுகிய இலையும். அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு மாட்டுப்பட்டி. அதற்கும் மேலே, புதிதாகக் கட்டிய இன்னொரு கெபினின் மலக்குழி. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 50 அடி இடைவெளி என்று சமதரையில் சொல்லும் கணக்கு சரிவில் செல்லாது. குழி மேலே, பீலி கீழே என்றால் மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

உடனே கேட்பீர்கள்: "லயத்து ஆட்கள் காலங்காலமாக அதைத்தானே குடிக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்னை மிகவும் வருத்தும் கேள்வி இதுதான். முதலில், அவர்களுக்கும் ஆகிறது. வயிற்றோட்டமும் வயிற்றுளைவும் தோட்டத்துப் பிள்ளைகளைப் படுத்தும் பாடு உங்கள் இரண்டு நாள் பயணத்தில் கண்ணில் படாது. இரண்டாவது, ஹெப்படைட்டிஸ் ஏ சின்னப் பிள்ளைகளுக்கு வந்தால் பெரும்பாலும் மஞ்சள் கூடத் தெரியாமல் போய்விடும், வாழ்நாள் எதிர்ப்பு சக்தியும் கிடைத்துவிடும். அதே வைரஸ், குழாய்த் தண்ணீரில் வளர்ந்த 25 வயதுக்காரரைத் தொட்டால் வாரக்கணக்கில் படுக்கையில் போடும். அவர்கள் உடம்பைப் பார்த்து உங்கள் உடம்புக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நல்ல குடிநீர் கிடைக்காத ஒரு சனத்தின் நிலைமையைத் தண்ணீருக்கு நற்சான்றிதழாகக் காட்டுவதும் சரியில்லை.

சரி, என்ன செய்வது? கொதிக்க வையுங்கள். உயரத்தில் தண்ணீர் சரியாகக் கொதிக்காதே என்று சிலர் கேட்கிறார்கள். 1868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையில் கொதிக்கிறது. கிருமி சாக அது தாராளம். நன்றாகக் குமிழ் எழும்பி ஒரு நிமிடம் கொதிக்கட்டும். ஹோட்டன் சமவெளி போல 2000 மீற்றருக்கு மேலே மூன்று நிமிடம். பல் துலக்கவும் சலாது கழுவவும் ஜூஸ் கரைக்கவும் அதே ஆறவைத்த தண்ணீர். பிளேன்டீயை மட்டும் கொதிக்கும் நீரில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே பச்சைத் தண்ணீரில் ஐஸ் கட்டி வைத்திருந்தால் என்ன பயன்? சாதாரண ஃபில்டர் மண்ணைப் பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது. புக் பண்ணும்போதே உரிமையாளரிடம் கேளுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மலக்குழி எந்தப் பக்கம், கடைசியாக எப்போது பரிசோதித்தது? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. பீலியடியில் ஷாம்பு போட்டுக் குளிக்காதீர்கள், பிள்ளையின் பம்பர்ஸைப் பற்றைக்குள் எறியாதீர்கள், ஓடைப் பக்கம் ஒதுங்காதீர்கள். உங்களுக்குக் கீழே ஒரு லயம் இருக்கிறது. கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடத்தில் பிடிக்கிறார்கள். தயவுசெய்து.

மழைக்காலத்தில் வருபவர்கள் ஊற்றை இன்னொரு காரணத்துக்காகவும் கவனிக்க வேண்டும். தெளிவாக ஓடிய நீர் திடீரென்று சேறாக வந்தாலோ, ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென்று நின்றாலோ, நேற்று வரை இல்லாத இடத்தில் புதிதாக நீர் பீறிட்டாலோ மலை நகரத் தொடங்கியிருக்கலாம். விடியட்டும் என்று இருக்காதீர்கள், இறங்கிவிடுங்கள். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை இந்தப் பக்கத்துச் சனம் மறக்கவில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினாலே முதல் எச்சரிக்கைக்குப் போகிறது, 150 என்றால் வெளியேறச் சொல்கிறது. புறப்பட முன் அன்றைய எச்சரிக்கையைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. முற்பணம் போய்விடுமே என்று மழைக்குள் ஏறி வர வேண்டாம்.

தண்ணீரோடு சேராத, ஆனால் கெபினில் தங்குபவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று: குளிருக்குக் கரி அடுப்பையோ பாபிகியூ சட்டியையோ கெபினுக்குள் கொண்டுபோகாதீர்கள். அணைந்த மாதிரித் தெரியும் கரியையும் கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, தூங்கியவர் தூங்கியபடியே போய்விடுவார். தலையிடி, வாந்தி என்று ஒருவர் சொன்னால் எல்லாரையும் வெளியே எடுத்து 1990 அம்பியூலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். கம்பளி கொண்டுவாருங்கள், போதும்.

திரும்பிப் போன பிறகும் ஏழு வாரம் கவனமாக இருங்கள். செங்கமாரி தலைகாட்ட 15 முதல் 50 நாள் எடுக்கும், அதனால்தான் யாரும் அதைப் பயணத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. நெருப்புக் காய்ச்சலுக்கும் (டைபொயிட்) சில வாரம் ஆகலாம். காலில் காயத்தோடு ஓடையில் இறங்கியவருக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். பெனடோல் போட்டுப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாதீர்கள். வைத்தியரிடம் "ட்ரிப் போனோம்" என்று மட்டும் சொல்லாமல், எந்த ஊரில் எந்தப் பீலியில் குடித்தோம், எந்த ஓடையில் குளித்தோம் என்று சொல்லுங்கள். அவர் தொற்றுநோயை அறிவிக்கும் எச் 544 படிவத்தை நிரப்பி உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்பினால், இடத்தின் பெயர் எங்களிடமும் வந்து சேரும். அந்தக் கெபினில் அடுத்து தங்கப் போகிறவர்கள் குடிக்கும் முன் தண்ணீரைச் சோதிக்க எங்களால் முடியும்.