ரிலே: அஞ்சலும் இல்லை, உணர்த்தியும் இல்லை

மன்னார்குடியில் அக்கா மகன் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றை வாங்கி, திண்ணை விளக்கையும் கொல்லை விளக்கையும் கைபேசியிலேயே போட்டு அணைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். கையில் தமிழில் அச்சிட்ட செய்முறைத் தாள் ஒன்று. "5 வோல்ட் அஞ்சல் தொகுதியை இணைக்கவும்" என்றிருந்தது. "மாமா, இதுல எதுக்குத் தபால்?" என்று கேட்டான். சிறு மின்சாரத்தை வைத்துப் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ரிலேயைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். இந்த அஞ்சல் என் கண்ணில் படுவது மூன்றாவது தடவை.

ரிலே, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். களைத்த வேட்டைநாய்க்கும் குதிரைக்கும் பதிலாக வழியில் நிறுத்திவைத்த மாற்று நாய், மாற்றுக் குதிரை. 19ஆம் நூற்றாண்டில் தந்தி வந்தது. நெடுந்தூரம் ஓடி மெலிந்த மின்னோட்டம், வழியில் இருக்கும் புது மின்கலத்தின் சுற்றை இயக்கிவிட ஒரு கருவி வைத்தார்கள். குதிரையின் பெயர் அதற்கு வந்தது. அவ்வளவுதான்.

அந்தத் தந்திக்கு அஞ்சல் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். திருவிதாங்கூரில் கடிதம் சுமந்து ஓடியவர் அஞ்சலோட்டக்காரர். ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை வானொலிக்காரர்கள் அஞ்சல் என்றதும் நியாயமே. அங்கே செய்தி கைமாறுகிறது. வீட்டு விளக்கில் என்ன கைமாறுகிறது? ராஸ்பெர்ரி பையில் கம்பி செருகும் முள் (பின்) தருவது 3.3 வோல்ட், ஒரு முள்ளுக்குச் சுமார் 16 மில்லி ஆம்பியர். அது ரிலேக்குள் இருக்கும் காயிலை, அதாவது கம்பிச்சுருளை, இயக்கக்கூடப் போதாது. ஒரு டிரான்சிஸ்டரைத் தட்டிவிடும். டிரான்சிஸ்டர் காயிலுக்கு மின்சாரம் விடும். காயில் காந்தமாகித் தகட்டை இழுக்கும். 'டிக்' என்று ஒரு சத்தம். வேறு வழியாக வந்த 230 வோல்ட் விளக்குக்குப் போகும். இரண்டு மின்சாரமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, தொட்டால் பை புகைந்துபோகும். பையன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதே இதுதான். அதைத்தான் அஞ்சல் மறைக்கிறது.

ரிலேயை உணர்த்தி என்று எழுதுகிறவர்கள் இன்னும் மோசம். சென்சாருக்கு உணரி என்று வைத்தாயிற்று. அப்புறம் அதே பக்கத்தில் "உணரியை உணர்த்தியுடன் இணைக்கவும்" என்றால் எது எது என்று எவனுக்குப் புரியும்? ரிலே யாருக்கு எதை உணர்த்துகிறது? கிர்ர் என்று கத்துகிற பஸ்ஸருக்கு வைத்திருந்தாலாவது பொருத்தம். அகராதியைப் பார்த்துச் சொல் கட்டுகிறவர்கள் ஒருமுறை ரிலேயைக் கையில் வைத்து அந்த டிக்கைக் கேட்டிருக்கலாம்.

மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரைத் திறந்து "ரிலே போயிடுச்சு" என்று சொல்லும் எலெக்ட்ரீஷியனுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். ரிலே என்றே எழுதினாலும் எனக்குச் சம்மதம். தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால், காவிரித் தண்ணீர் பாயும் ஊரில் இருந்துகொண்டு ஏன் தேட வேண்டும்? மின்மடை. மடை திறக்க மண்வெட்டியால் இரண்டு வெட்டு போதும்; வெட்டியவனா தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வயலுக்குப் போகிறான்? பை செய்வதும் அந்த இரண்டு வெட்டுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்கவில்லை. மடை திறந்தால் தண்ணீர் ஓடும். மின்சுற்று திறந்தால் ஓட்டம் நிற்கும். ரிலேயில் என்.ஓ. (நார்மலி ஓப்பன்) என்று எழுதிய முனையைத் தாளில் 'இயல்பாகத் திறந்தது' என்று பெயர்த்திருந்தார்கள். எங்கள் பையன் திறந்திருந்தால் விளக்கு எரியும் என்று நினைத்துவிட்டான். டெல்டாக்காரன் வேறு எப்படி நினைப்பான்? மின்மடை என்று பெயர் வைத்தால் இந்தக் குழப்பம் கூடும் என்பது நியாயமான எதிர்ப்பு. ஆனால் திறப்பு, மூடல் என்ற பேச்சையே விட்டுவிடலாமே. என்.ஓ. இயல்பில் பிரிந்தது, என்.சி. (நார்மலி குளோஸ்டு) இயல்பில் சேர்ந்தது. தகடு உள்ளே செய்வதும் அதுதான்.

பையன் பெட்டியின் மேல் 'மின்மடை 1 திண்ணை, மின்மடை 2 கொல்லை' என்று எழுதி ஒட்டிவிட்டான். மெயின் லைன் கொடுக்க வந்த எலெக்ட்ரீஷியன் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, ரிலே எங்க இருக்கு?" என்றார்.