புளிக்கும்னு ஒதுக்கின திராட்சை: அலிகோட்டே பத்தி கொஞ்சம் பேசலாம்

நான் ஒயின் பரிமாறுற வேலையில இருக்கேன், சொமெலியேன்னு சொல்வாங்க. வெள்ளை ஒயின்னு வந்தா பாதி பேர் கேக்கறது ஷார்டனே, மீதி பேர் சொவின்யோன் பிளாங்க். லிஸ்ட்ல ஒரு ஓரமா அலிகோட்டேன்னு ஒரு பேர் இருக்கும், அத யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, பாத்தாலும் "அது புளிக்குமாமே"ன்னு சொல்லிட்டு அடுத்த பக்கத்துக்கு போயிடுவாங்க. இப்ப கொஞ்ச நாளா அதையே தேடிக் கேக்கறவங்க வர்றாங்க, எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா சரியா குடிக்காம "இதுக்கா இவ்ளோ பேச்சு"ன்னு மறுபடி ஒதுக்கிடுவாங்களோன்னு பயமும் இருக்கு, அதனாலதான் இத எழுதறேன்.

இது ஃபிரான்ஸ்ல பர்கண்டி பக்கத்து திராட்சை. 1999ல வந்த டிஎன்ஏ ஆராய்ச்சில ஷார்டனேவுக்கும் அலிகோட்டேவுக்கும் அப்பா அம்மா ஒண்ணுதான்னு தெரிஞ்சுபோச்சு, பினோவும் குவே பிளாங்க்னு ஒரு பழைய நாட்டு ரகமும். அதாவது கூடப்பிறந்ததுங்க, ஆனா ஒண்ணுக்கு ராஜ மரியாதை, இன்னொண்ணுக்கு திண்ணையிலதான் சாப்பாடு.

காரணம் பழம் இல்ல, நிலம். 19ஆம் நூற்றாண்டு கடைசில ஃபைலாக்ஸெரா பூச்சி வந்து கொடியெல்லாம் அழிஞ்சப்புறம் மறுபடி நட்டாங்க இல்லையா, அப்போ வெயில் நல்லா விழற சரிவு நிலமெல்லாம் பினோ நுவார்ங்கற சிவப்பு ஒயின் திராட்சைக்கும் ஷார்டனேவுக்கும் போயிடுச்சு, இதுக்கு மிஞ்சினது மேல குளிரடிக்கற மேடும் கீழ சமதளமும்தான். இயல்பாவே நல்லா காய்க்கற கொடி இது, கொழுத்த மண்ணுல விட்டா கொத்து கொத்தா தள்ளும், பழத்துல சத்து ஏறாது, கடைசில புளிப்பு மட்டும்தான் நிக்கும். அந்த புளிப்ப மறைக்க பிளாக்கரண்ட் பழத்துல செஞ்ச இனிப்பு லிக்கர் கலந்து குடிக்கற வழக்கம் அங்க உண்டு, டிஜோன் நகரத்துக்கு 1945லேர்ந்து 1968 வரை மேயரா இருந்த ஃபெலிக்ஸ் கிர்ங்கற பாதிரியார் வர்ற விருந்தாளிக்கெல்லாம் அதையே குடுத்து குடுத்து அதுக்கு 'கிர்'னு அவர் பேரே வந்துடுச்சு. நல்ல பானம்தான், நான் குறை சொல்லல. ஆனா அலிகோட்டேன்னா கலக்கறதுக்குன்னே இருக்கற ஒயின்னு ஊருக்கே பதிஞ்சுபோச்சு.

என் தப்பு ஒண்ணையும் சொல்லிடறேன். ஒருநாள் ஃபிரிட்ஜ்லேர்ந்து அப்படியே எடுத்து ஒரு அம்மாவுக்கு ஊத்தினேன், பாட்டில் மேலெல்லாம் பனி பூத்து ஜில்லுனு இருந்துச்சு. ஒரு வாய் குடிச்சிட்டு முகத்த சுளிச்சாங்க, "எலுமிச்சை தண்ணி மாதிரி இருக்கு தம்பி, வேற குடுங்க"ன்னாங்க. வேற குடுத்தேன். அந்த கிளாஸ மட்டும் உள்ள எடுத்துட்டு போய் ஓரமா வச்சு, அரை மணி நேரம் கழிச்சு மோந்து பாத்தா பச்சை ஆப்பிள் வாசனை, பின்னாடி லேசா ஒரு வெள்ளைப்பூ, வாயில வச்சா நுனி நாக்குல உப்பு மாதிரி ஒரு கரிப்பு, முழுங்கினப்புறம் பாதாம் தோலோட மெல்லிய கசப்பு. அதே ஒயின்! அதிக குளிர்ல புளிப்பு மட்டும்தான் முன்னாடி வந்து நிக்கும், மத்ததெல்லாம் உறங்கிடும். அதுக்கப்புறம் 10, 12 டிகிரிக்கு கீழ நான் இத ஊத்தறதே இல்ல, குட்டி கிளாஸ்லயும் ஊத்தறதில்ல.

இப்ப ஏன் திடீர்னு மவுசுன்னா, வெயில். பர்கண்டில சூடு ஏற ஏற அறுவடை முன்னாடி வருது, ஷார்டனேல சர்க்கரை ஏறி புளிப்பு இறங்கிடுது, ஆனா இந்த திராட்சை அந்த சூட்டுலயும் தன் புளிப்ப கைவிடாம வச்சிருக்கு. எதை குறைன்னு சொன்னாங்களோ அதுவே இப்ப சொத்து. கூடவே பர்கண்டி ஷார்டனே விலை சாதாரண ஆளுக்கு எட்டாத உயரத்துக்கு போயிடுச்சு, அதே ஊர் மண்ணோட ருசி வேணும்னா வழி இதுதான். 2018ல அங்க இருக்கற ஒயின்காரங்க சிலர் 'லே அலிகோட்டர்'னு ஒரு சங்கமே ஆரம்பிச்சிட்டாங்க, இந்த திராட்சைக்குன்னே.

வாங்கறப்போ லேபிள்ல பூஸரோன்னு போட்டிருக்கான்னு பாருங்க. அலிகோட்டேவுக்குன்னே தனி அப்பெலேஷன், அதாவது ஊர் பேரையே லேபிள்ல போட்டுக்க சட்டப்படி உரிமை, இருக்கற ஒரே கிராமம் அது, அங்க 'டோரே'ன்னு பொன்னிறமா பழுக்கற வகைய பொத்திப் பொத்தி வளக்கறாங்க. வெறும் 'பூர்கோன்ய் அலிகோட்டே'ன்னு (பூர்கோன்ய்னா பர்கண்டிதான்) இருந்தா யார் செஞ்சதுன்னு பாக்கணும், கொடிக்கு எத்தன வயசுன்னும் கடைக்காரர்கிட்ட தயங்காம கேளுங்க, வயசான கொடி கம்மியா காய்க்கும், காய்க்கறதுல சாரம் இருக்கும். உக்ரைன், மால்டோவா, ருமேனியாவுலயும் இத நிறைய பயிர் பண்றாங்க, கிடைச்சா விடாதீங்க. இன்னொண்ணு, லேசா துள்ளலா இருக்கறதால தண்ணி மாதிரி இறங்கும், ஆனா 12 சதவீதம் ஆல்கஹால் இருக்கும், கிளாஸ் கணக்கு மனசுல இருக்கட்டும். வண்டி ஓட்டறவங்களுக்கு நான் ஊத்தறதே இல்ல.

மொரே-சான்-டெனிங்கற கிராமத்துல பொன்ஸோ குடும்பத்தோட தோட்டம் ஒண்ணு இருக்கு, 1911ல நட்ட அலிகோட்டே கொடிங்க, பினோ நுவாருக்கு பேர் போன ஊர்ல, அதுவும் பிரீமியர் க்ரூன்னு உயர்ந்த தரம் குடுத்த நிலத்துல. யாரோ ஒருத்தர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே இதுக்கு நல்ல சரிவு நிலத்த குடுத்திருக்காரு, பின்னால வந்தவங்களும் அத பிடுங்கிப் போடல.