புறோச்சைப் பதக்கம் என்று எழுதலாமா?

கொழும்பில் ஓர் இரத்தினக்கல் கண்காட்சி. நீலக்கல் பதித்த புறோச் ஒன்றின், அதாவது உடையில் ஊசியால் குத்தும் நகையொன்றின், கீழே மும்மொழியிலும் அட்டை வைத்திருந்தார்கள். தமிழில் ‘நீலக்கல் பதக்கம்’. அடுத்த வரி, ‘பதக்கத்தின் ஊசி 18 கரட்’. பதக்கத்துக்கு ஏது ஊசி? விளம்பரத்திலும் செய்தியிலும் இதே பிழையைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

புறோச் பிரெஞ்சுவழி வந்த சொல். கூரான கம்பி என்பதே அடிப்படை. இறைச்சி குத்தி வாட்டும் கம்பிக்கும் அங்கே அதே பெயர். பொத்தான் பரவாத காலத்தில் மேலாடையைத் தோளில் பிடித்து நிறுத்தியது இந்த ஊசிதான். 1850இல் அயர்லாந்தில் கிடைத்த தாரா புறோச்சைப் பாருங்கள்: பொன்முலாம் பூசிய வெள்ளி, அம்பர் எனும் இறுகிய மரப்பிசின், கண்ணாடி, கூடவே நீண்ட ஊசி.

பதக்கமோ தொங்குவது. கழுத்துச் சங்கிலியில் கோத்தாலும் விளையாட்டு வீரருக்கு நாடாவில் போட்டாலும் தொங்குவதுதான். கொழும்பில் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் ஒரு கடையில் வேண்டுமென்றே “பதக்கம் காட்டுங்கோ தம்பி” என்று கேட்டேன். ஒரு தட்டு நிறையச் சங்கிலியில் கோர்ப்பவை வந்தன. சீலைத் தலைப்பைத் தொட்டு, இங்கே குத்த வேண்டும் என்றதும் சிரித்தார்: “அது புறோச் அக்கா. பதக்கம் எண்டா தொங்கவேணும்.” கடைக்காரருக்குத் தெரிந்தது மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியவில்லை.

அவர் ஒரு புறோச்சைத் திருப்பிக் காட்டினார். முன்பக்கம் நீலக்கல், கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 9, எளிதில் கீறல் விழாது. பின்பக்கத்தில்தான் வேலையே. 22 கரட் தங்கம் மென்மையானது, அதில் ஊசி செய்தால் வளைந்துவிடும். அதனால் செம்பு, வெள்ளி கூடுதலாகக் கலந்த 18 கரட். கொக்கியில் மாட்டும்போது அந்த ஊசி சற்று வளைந்து மீள வேண்டும், இல்லாவிட்டால் புறோச்சே கழன்று கல்லோடு தொலையும். தென்னிலங்கையின் மீட்டியாகொடையில் கிடைக்கும் சந்திரகாந்தக்கல் மோஸ் அளவில் கடினம் 6 அளவுதான். மோதிரத்தில் அடிபடும், புறோச்சில் பிழைத்துக்கொள்ளும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மார்பணி’ என்கிறார்கள். தோளிலும் தொப்பியிலும் குத்துவதை மார்போடு ஏன் கட்ட வேண்டும்? ‘உடையூசி’ பரவாயில்லை, ஆனால் நாம் அவசரத்துக்குக் குத்தும் சட்டைப்பின்னும் உடையூசிதானே. எனக்குப் பிடித்தது ‘அணியூசி’. அணி என்றால் நகை, அணிவதும் அதுவே. ஊசியும் கூடவே நிற்கிறது. ‘நீலக்கல் அணியூசி, 18 கரட்’ என்று அட்டையில் ஒரே வரியில் முடிந்திருக்கும்.

அது வாயில் வராவிட்டால் புறோச் என்றே எழுதட்டும். ‘புரூச்’ வேண்டாம், ஆங்கிலத்திலும் பெரும்பாலும் அப்படி ஒலிப்பதில்லை. புறோச் என்று கேட்டால் செட்டியார் தெருவில் சரியான தட்டை எடுத்து வைப்பார்கள்.