மஞ்சள் விளக்கை அணைத்தால் மட்டும் போதாது

யாழ்ப்பாண நகரில் துணிக்கடை, லொட்ஜ், கல்யாண மண்டபம் என்று தீ அலாரம் பூட்டிய கட்டடங்கள் பல இருக்கின்றன. வேலைக்குப் போகும் இடங்களில் நான் அடிக்கடி காண்பது, அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியான பனலில் மஞ்சள் விளக்கு எரிய எரிய பசரை மட்டும் அமத்திவிட்டு இருப்பதைத்தான். "அது மழைக்கு வாறது தம்பி, தானாப் போயிடும்" என்பார்கள். சிவப்பு தீயைக் காட்டும், மஞ்சள் கோளாறைக் காட்டும். மஞ்சள் எரிந்துகொண்டிருக்கும்போது, கட்டடத்தின் ஒரு பகுதியில் தீப்பிடித்தாலும் பனலுக்குத் தெரியாமலே போகலாம்.

கன்வென்ஷனல் எனப்படும் சாதாரண வகைப் பனலில் ஒவ்வொரு ஸோனுக்கும், அதாவது கட்டடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும், இரண்டு வயர் போகும். தீயை உணரும் டிடெக்டர்கள் வரிசையாக அதில் இருக்கும், கடைசி டிடெக்டரில் ஒரு ரெசிஸ்டர் (மின்தடை). அதன் வழியாகச் சிறிய மின்னோட்டம் எப்போதும் ஓடும். இடையில் வயர் அறுந்தால் ஓட்டம் நிற்கும், மஞ்சள் எரியும். அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள டிடெக்டர் ஒன்றும் வேலை செய்யாது.

இங்கேதான் ஒரு கள்ள வேலை நடக்கிறது. அறுந்த இடத்தைத் தேடாமல், ரெசிஸ்டரைக் கொண்டுவந்து பனலின் டெர்மினலிலேயே பூட்டிவிடுகிறார்கள். விளக்கு அணையும், முதலாளிக்கும் திருப்தி. ஆனால் அறுந்த இடத்துக்கு அப்பால் எல்லாம் செத்தபடியே இருக்கிறது, ஸோனின் வயரையே கழற்றிவிட்டிருந்தால் முழு ஸோனும் செத்துவிட்டது. அதைச் சொல்லவும் இனி ஒரு விளக்கும் இல்லை. எனக்கு உண்மையாகவே கோபம் வரும் விஷயம் இது. மேல்மாடியில் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். பாவிக்காத ஸோனுக்கு ரெசிஸ்டர் பனலில் இருப்பது சரி. பாவிக்கும் ஸோனுக்கு இருக்கவே கூடாது. சோதிப்பது இலகு. ஒரு டிடெக்டரைக் கழற்றிப் பாருங்கள், மஞ்சள் எரிய வேண்டும். எரியாவிட்டால் பனலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

நேர்மையாகத் தேடினாலும் அதிக நேரம் பிடிக்காது. ஸோனின் நடுவில் உள்ள டிடெக்டருக்குப் போய், அங்கிருந்து அப்பால் போகும் வயரைக் கழற்றி, அதே அளவு ரெசிஸ்டரை வைக்க வேண்டும். கோளாறு போனால் பிழை அப்பால், போகாவிட்டால் இப்பால். மிச்சத்தையும் இப்படியே பாதி பாதியாக்கினால் இடம் அகப்பட்டுவிடும். ரெசிஸ்டரின் அளவு பனலுக்குப் பனல் மாறும், 4.7 கிலோ ஓம் கேட்கும் பனலுக்குக் கையில் கிடைத்ததைப் போடக்கூடாது.

மழைக்கு வரும் கோளாறு பெரும்பாலும் எர்த் ஃபோல்ட். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவர்ப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும். வயர் நனைந்து நிலத்தோடு தொடுப்பு ஏற்படும். வெயில் வந்ததும் காய்ந்துவிடும், திருத்த வருபவருக்கு ஒன்றும் அகப்படாது. அதனால் விளக்கு எரிந்த நாளையும் நேரத்தையும், மழை பெய்ததா என்பதையும் கொப்பியில் எழுதி வையுங்கள். கடலோரம் என்றால் உப்புக் காற்றில் டெர்மினல் பச்சை பூத்திருக்கும், அதையும் பார்க்க வேண்டும். மெகர் (வயரின் இன்சுலேஷனைக் கூடிய வோல்ட் கொடுத்துச் சோதிக்கும் கருவி) போட்டு அளப்பவர்கள் முதலில் டிடெக்டர்களையும் பனலையும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அவை கருகிப்போகும்.

அடுத்தது பற்றரி. 12 வோல்ட் பற்றரி இரண்டைத் தொடராகப் பூட்டி 24 வோல்ட் எடுக்கிறார்கள். மீற்றர் 27 காட்டினால் சார்ஜர் வேலை செய்கிறது என்று மட்டுமே அர்த்தம். மெயினை நிறுத்தி, சைரனை அடிக்கவிட்டு, அப்போது வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். காற்றோட்டமில்லாத படிக்கட்டுக்குக் கீழே பனலைப் பூட்டினால் நம்மூர் வெக்கைக்குப் பற்றரி வெகு சீக்கிரம் பழுதாகும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

திருத்த வேலை முடிந்ததும், வேலைக்காக நிறுத்திவைத்த ஸோனையும் சைரனையும் திரும்பப் போட்டாயிற்றா என்று கேளுங்கள். ஸோனின் கடைசி டிடெக்டருக்குப் புகை கொடுக்கச் சொல்லி, மேல்மாடியில் நின்று சத்தம் கேட்டபிறகு காசைக் கொடுங்கள்.