கணினி காட்டுவதை மெய்ப்பிக்க வேண்டியது யார்?

தம்புச் செட்டித் தெருவில் உள்ள என் அலுவலகத்துக்குச் சென்ற மழைக்காலத்தில் காசிமேட்டிலிருந்து மீன் விற்கும் ஓர் அம்மா வந்தார். ஏ.டி.எம். இயந்திரத்தில் 9,500 ரூபாய் எடுக்க முயன்றிருக்கிறார். இயந்திரம் நெடுநேரம் இரைந்துவிட்டுப் பணம் தராமலே நின்றுவிட்டது. ஆனால் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. மூன்று முறை வங்கிக் கிளைக்கு நடந்த அவருக்கு ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "சிஸ்டத்துல பணம் வந்துடுச்சுன்னுதாம்மா காட்டுது." அவர் என்னிடம் கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. "நான் பொய் சொல்றேன்னு அந்த மெஷினு சொல்லுது வக்கீலம்மா. மெஷினு பொய் சொல்லுதுன்னு நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?"

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி மக்களின் வழக்குகளை நடத்தி வருகிறேன். தொடக்கத்தில் என்னிடம் வந்தவை வாடகை, புரோநோட்டு, கூலிப் பாக்கி ஆகியவை பற்றிய தகராறுகள். அவற்றில் இரு தரப்பிடமும் ஏதாவது ஒரு காகிதம் இருக்கும். ஒருவர் காகிதத்தை மற்றவர் மறுக்கலாம். இப்போது வரும் வழக்குகளில் பாதிக்கு மேல், ஒரு தரப்பிடம் மட்டுமே பதிவு இருக்கிறது. அந்தப் பதிவை எழுதியது ஒரு மென்பொருள். அதை வைத்திருப்பது நிறுவனமோ அரசுத் துறையோ. அதைத் திறந்து பார்க்கும் உரிமை எதிரில் நிற்கும் ஏழைக்கு இல்லை. பணம் பறிபோவது ஒரு தீங்கு என்றால், "நீ சொல்வது பொய்" என்பதை எந்த மனிதரும் பொறுப்பேற்றுச் சொல்லாமல் ஒரு திரை சொல்லிவிட்டுப் போவது அதைவிடப் பெரிய தீங்கு என்று நான் கருதுகிறேன்.

காசிமேட்டு அம்மாவின் விஷயத்தில் விதி தெளிவாகவே இருந்தது. 2019 செப்டம்பர் 20 அன்று இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால், அந்த நாளுக்குப் பின் ஐந்து நாள்களுக்குள் வங்கி தானாகவே அதைத் திருப்பி வரவு வைக்க வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீட்டை, வாடிக்கையாளர் கேட்காமலேயே தர வேண்டும். நாங்கள் எழுத்து மூலம் மூன்றைக் கேட்டோம்: அந்த இயந்திரத்தின் ஜர்னல் பதிவு (ஒவ்வொரு பரிவர்த்தனையையும் இயந்திரமே எழுதி வைக்கும் குறிப்பு), அன்று இயந்திரத்தில் இருந்த ரொக்கத்தைச் சரிபார்த்த அறிக்கை, கேமராக் காட்சி. பணம் வெளியே வரவில்லை என்றால் இயந்திரத்தின் பெட்டியில் அது மீதமாக இருந்தே தீரும். எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். சில வாரங்களில் தொகையும் இழப்பீடும் வரவு வைக்கப்பட்டன. கேட்ட மூன்று ஆவணங்களில் ஒன்றுகூட எங்களுக்குக் காட்டப்படவில்லை. கிளையில் இருந்தவர் முதல் நாளே ரொக்க அறிக்கையை வரவழைத்துப் பார்த்திருக்கலாம். அவர் திரையைப் பார்த்தார். அதற்கு மேல் பார்க்க வேண்டியது தன் வேலை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அட்டை, யு.பி.ஐ., இணைய வங்கி வழியாக நமக்குத் தெரியாமல் பணம் எடுக்கப்படும் மோசடிகளுக்கு வேறொரு சுற்றறிக்கை உண்டு. அது 2017 ஜூலை 6 தேதியிட்டது. தவறு வங்கியிலும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் நடுவே எங்கோ நிகழ்ந்திருந்து, வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் நீங்கள் தெரிவித்துவிட்டால், உங்களுக்கு இழப்பே கூடாது என்கிறது அது. அதில் ஒரு வரியை ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்: வாடிக்கையாளரே பொறுப்பு என்றால், அதை மெய்ப்பிக்கும் சுமை வங்கியுடையது. (ஓ.டி.பி. எண்ணை நாமே ஒருவருக்குச் சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.) ஆனால் நடைமுறையில் என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் தாங்கள் குற்றமற்றவர்கள் என்று தாங்களே நிரூபிக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் படியேறி வருகிறார்கள். அந்த நினைப்பை அவர்களுக்கு ஊட்டியது வங்கிக் கவுண்டர்.

இந்தச் சுமையைத் தலைகீழாக மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் அஞ்சல் துறையை விடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியாது. 1999 முதல் அங்குள்ள கிளை அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் பொருத்தப்பட்டது. அதைச் செய்து பராமரித்தது ஃபுஜிட்சு நிறுவனம். அந்த மென்பொருள் பல கிளைகளில் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. கிளை நடத்துபவர்களில் பெரும்பாலோர் ஊரில் ஒரு சிறு கடையோடு அஞ்சலகத்தையும் சேர்த்து நடத்திய எளிய மனிதர்கள். ஒப்பந்தப்படி பற்றாக்குறையை அவர்களே ஈடுகட்ட வேண்டும். வீட்டை அடகு வைத்துக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் மீது திருட்டு, பொய்க் கணக்கு ஆகிய வழக்குகள் பாய்ந்தன. 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் சுமார் 700 பேர் மீது வழக்குத் தொடுத்தது அஞ்சல் நிறுவனமே. உதவி எண்ணுக்கு அழைத்தவர்களுக்கு, "இப்படிச் சிக்கல் வந்திருப்பது உங்களுக்கு மட்டும்தான்" என்று சொல்லப்பட்டது. கிளைக் கணக்குகளை ஃபுஜிட்சுவின் பொறியாளர்கள் தொலைவிலிருந்தே திருத்த முடியும் என்பது பல ஆண்டுகள் மறுக்கப்பட்டு, பின்னர் உண்மை என்று தெரியவந்தது.

ஆலன் பேட்ஸ் என்ற கிளை அஞ்சலகர் 2003-இல் தம் கிளையை இழந்தார்; 555 பேரைத் திரட்டி அவர் நடத்திய வழக்கில், அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் 2024 மே மாதத்தில்தான் வந்தது, அதுவும் ஒரு தொலைக்காட்சித் தொடர் நாட்டையே உலுக்கிய பிறகு. இடையில் பலர் இறந்தே போனார்கள். ஒரு வழக்கறிஞராக என்னை உறுத்தும் விஷயம் ஒன்று இதில் உண்டு. கணினிப் பதிவைச் சாட்சியமாக்க வேண்டுமென்றால் அந்தக் கணினி சரியாக இயங்கியது என்று முதலில் காட்ட வேண்டும் என இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதை நீக்கும் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1999-இல்தான். அதன் பிறகு, மறுப்பவர் காட்டும் வரை கணினி சரி என்பதே அனுமானமாகிவிட்டது. ஒரு சிற்றூர்க் கடைக்காரர் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் சர்வருக்குள் இருக்கும் பிழையை எப்படிக் காட்டுவார்?

ஆஸ்திரேலியாவிலும் ஏறக்குறைய இதே கதைதான். அரசு உதவித்தொகை பெற்றவர்களின் ஆண்டு வருமானத்தை இருவாரக் கணக்காகச் சமமாகப் பிரித்து, "கூடுதலாக வாங்கிவிட்டீர்கள்" என்று நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கடன் கடிதம் அனுப்பிய திட்டம் சட்ட விரோதமானது என்று பிறகு முடிவானது. ஆக, இது தனியார் நிறுவனங்களின் பேராசை மட்டும் அல்ல. அரசும் அதே தவறைத் தன் குடிமக்களுக்குச் செய்யும்.

நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் வேண்டும் என்கிறது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் பழைய சட்டத்தின் கீழ் இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உறுதிப்படுத்தியிருந்தது. சான்றிதழின் புதிய படிவத்தில் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஓர் அடையாளக் குறியீடு) நிபுணர் கையொப்பமும் சேர்ந்திருக்கின்றன. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் ஹாஷ் மதிப்பு எதைக் காட்டுகிறது? நீதிமன்றத்துக்கு வந்த கோப்பும் சர்வரில் இருந்த கோப்பும் ஒன்றே என்பதை மட்டும்தான். சர்வரில் முதலில் விழுந்த பதிவே தவறு என்றால், அந்தத் தவறு ஒரு புள்ளிகூட மாறாமல் நீதிமன்றம் வந்து சேர்ந்தது என்பதற்கு அது சான்று. "கருவி சரியாக இயங்கிக்கொண்டிருந்தது" என்ற அச்சடித்த வாக்கியத்தின் கீழே கையெழுத்துப் போடும் மேலாளர்களை நான் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். மென்பொருளின் பிழைப் பட்டியலை அவர்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

பெயரும் அடையாளமும் மாற்றி ஒரு வழக்கைச் சொல்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் பல கிளைகள் கொண்ட ஒரு கடையில் பில் போடும் வேலையில் இருந்த 22 வயதுப் பெண்ணின் கல்லாவில் நான்கு மாதங்களில் 38,000 ரூபாய் குறைவதாகக் கணக்குக் காட்டியது. மாதா மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். கடைசியில், எடுத்துக்கொண்டதாக எழுதிக் கொடுத்தால் போலீசுக்குப் போக மாட்டோம் என்றார்கள். அந்தப் பெண்ணின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். கையெழுத்துப் போடும் முன் மகளை என்னிடம் அழைத்து வந்தது அவர்தான். இழப்புக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று இருக்க வேண்டும், அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது 1936-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. புதிய ஊதியச் சட்டத் தொகுப்பும் அதைக் கைவிடவில்லை. நாங்கள் நோட்டீஸ் அனுப்பி, நாள்வாரிப் பதிவுகளைக் கேட்டோம். குறைந்த தொகைகளைத் தேதியோடு அடுக்கிப் பார்த்தபோது, நெட்வொர்க் அறுந்து மீண்ட நேரங்களில் அட்டையில் செலுத்திய சில பில்கள் ரொக்க பில்லாக இன்னொரு முறை பதிவாகியிருந்தன. பணம் கல்லாவுக்கு வரவே இல்லை. வந்ததாக மென்பொருள் எழுதிக்கொண்டது.

பேச்சுவார்த்தைக்கு வந்தவர்களோடு மென்பொருள் நிறுவனத்தின் இளைஞர் ஒருவரும் வந்திருந்தார். இந்தப் பிழை தங்களுக்கு முன்பே தெரியும் என்று அவர் மெல்லச் சொன்னார். புகார் எண் கூட இருந்ததாம். "முன்னுரிமை குறைவு" என்று குறித்து ஒதுக்கிவிட்டார்களாம். அவர் கெட்டவர் அல்லர். தான் குறித்த ஒரு சொல்லின் மறுமுனையில் ஒரு பெண் திருடி என்று அழைக்கப்படுவாள் என்பதை அவருக்கு அந்த வேலை காட்டவே இல்லை. மென்பொருள் துறையில் இருக்கும் என் வாசகர்களிடம் நான் இதை மன்றாடியே கேட்கிறேன். பணத்தையோ, வருகைப் பதிவையோ, உரிமையையோ தொடும் பிழைக்கு முன்னுரிமை குறிக்கும்போது, எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்று எண்ணாதீர்கள். அந்தப் பிழையால் யார் மீது பழி விழும் என்று கேளுங்கள். தெரிந்த பிழையை வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள்.

ரேஷன் கடையில் நடப்பதும் இதன் கிளைதான். ஐஸிலும் உப்பிலும் இறால் உரித்து உரித்துத் தேய்ந்த ஒரு பாட்டியின் விரல்களைக் கைரேகைக் கருவி ஏற்பதில்லை. கடையில் எடை போடுபவருக்கு அந்தப் பாட்டியைப் பதினைந்து ஆண்டுகளாகத் தெரியும். ஆனால் அந்தத் தெரிதலுக்குக் கருவியில் இடம் இல்லை. கைரேகை பொருந்தாததால் யாருக்கும் பயன் மறுக்கப்படாது என்ற அரசின் உறுதிமொழியைப் பதிவு செய்துகொண்டுதான் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26-இல் ஆதார் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றது. கருவிழிப் பதிவு, வேறொருவரை அனுப்பிப் பெறுதல் போன்ற வழிகள் உண்டு. 2025 ஆகஸ்ட்டில் தண்டையார்பேட்டையில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்கள் வீட்டுக்கே வருகின்றன. இவற்றைக் கேட்டுப் பெறுங்கள். மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

அரசின் தாமதத்தைப் பற்றி ஒன்று மட்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் சொன்னார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்கப் பயன்படும் தரவு முழுமையாகவும் துல்லியமாகவும் இருப்பதை நிறுவனம் உறுதி செய்ய வேண்டும் என்ற வாசகம் அந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் இருக்கிறது. பில் போட்ட அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வாசகம்தான். தீர்ப்புக்கும் நடைமுறைக்கும் இடையே ஏறக்குறைய பத்து ஆண்டுகள்.

அதுவரை கையில் இருக்கும் வழிகளைப் பயன்படுத்துவோம். வாய்ப்பேச்சாகப் புகார் சொல்லாதீர்கள். தேதியோடு எழுதிப் புகார் எண் வாங்குங்கள். கேமராக் காட்சி சில நாள்களில் அழிந்துவிடும், ஆகவே முதல் கடிதத்திலேயே அதைப் பாதுகாத்து வைக்கச் சொல்லுங்கள். வங்கி 30 நாள்களுக்குள் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். சேவைக் குறைபாட்டுக்குச் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். அரசுத் துறை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பதிவின் நகலையே கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

அந்தப் பெண்ணுக்குப் பிடித்த சம்பளம் முழுவதும் திரும்பி வந்தது. நிறுவனம் தந்த கடிதத்தில் "தொழில்நுட்பக் காரணங்களால்" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. அதே மென்பொருள் அந்தக் கடையின் மற்றக் கிளைகளிலும் ஓடியது. அங்கெல்லாம் குறைந்த பணத்தைத் தங்கள் சம்பளத்திலிருந்து கட்டிவிட்டு, திருட்டுப் பட்டத்தோடு வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. பில் போடும் இடத்தில் வேலை பார்த்து, கல்லாவில் குறைந்ததாகச் சொல்லி உங்களிடமோ உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமோ பணம் பிடித்திருந்தால், அந்தச் சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். பிடித்த தேதிகளை ஒரு தாளில் எழுதி, அதோடு சேர்த்து வையுங்கள்.