காட்சிக் கலையா, கட்புலக் கலையா?

'விஷுவல் ஆர்ட்ஸ்' என்று எங்கே வந்தாலும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு 'காட்சிக் கலை' என்று போட்டுவிடுகிறார்கள். நூலக அறிவிப்பிலும் அதேதான்.

விஷுவல், பார்வையைக் குறிக்கும் லத்தீன் சொல்வழி வந்தது. ஓவியம், சிற்பம், அச்சோவியம், ஒளிப்படம் எல்லாம் அதில் அடக்கம்.

தமிழில் காட்சி என்றால்? நாடகத்தின் முதல் காட்சி, தியேட்டரில் இரவுக் காட்சி. 'காட்சிக் கலை நூல்கள்' என்ற பலகையைப் பார்ப்பவர் கூத்தையும் சினிமாவையும்தான் தேடுவார். அவை நிகழ்கலை, 2002இல் சிங்கப்பூரின் எஸ்பிளனேட் கலையரங்கில் திறந்த நூலகம் அதற்கென்றே அமைந்தது. நூலகங்கள் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கும் டியூயி எண்முறையிலும் சிற்பம் 730, ஓவியம் 750, ஒளிப்படம் 770. நாடகமும் திரைப்படமும் தள்ளி 790களில். எண் பிரித்து வைத்ததைச் சொல் ஏன் கலக்க வேண்டும்?

'நுண்கலை' என்றால் இசையும் நடனமும் உள்ளே வந்துவிடும். சென்னைக் கல்லூரிப் பெயரிலுள்ள 'கவின்கலை' அழகைச் சொல்கிறது, கண்ணைச் சொல்லவில்லை. போர்க்களப் படத்தில் கவினுக்கு எங்கே போவது?

கட்புலக் கலை என்பதே பொருந்தும். கண் + புலம். மண் + குடம் மட்குடம் ஆனதுபோல ணகரம் டகரமானது. இலங்கைத் தமிழர் எழுதிப் பழகிய சொல்தான். வாயில் நுழையாது என்பவர்கள் 'ஒளிச்சேர்க்கை'யைப் பள்ளியிலேயே விழுங்கியவர்கள்! அலமாரியில் 'ஓவியம்', 'சிற்பம்' என்றே எழுதலாம். பொதுச்சொல் தேவைப்படுவது நூற்பட்டியலில்.

அங்கேதான் பிசகு வலிக்கும். கண்காட்சிக் கையேடுகளைப் பாருங்கள்: பத்திருபது பக்கம், நடுவில் இரண்டு கம்பி, முதுகில் பெயரே இராது. கனத்த ஓவிய நூல்களுக்கிடையே நிறுத்தினால் வளைந்து உள்ளே போய்விடும். பெட்டியில் படுக்கவைத்தால் அலமாரியில் மேய்பவர் கண்ணில் படாது. பட்டியலின் தலைப்புச்சொல் ஒன்றே வழி. 1952இல் பாலிக்குப் போய்வந்த சிங்கப்பூர் ஓவியர்கள் லியு காங், சியோங் சூ பியெங் முதலிய நால்வரைப் பற்றிய கையேடு சினிமா நூல்களோடு சேர்ந்தால் யார் எடுப்பார்? இணையத்தில் ஏற்றவும் முடியாது: ஓவியர் இறந்து 70 ஆண்டு பதிப்புரிமை உண்டு, சியோங் மறைந்தது 1983, ஆக அவர் படங்களுக்கே 2053 முடியும்வரை அனுமதி வேண்டும். அச்சுப்படிக்கு இன்னும் மவுசு இருப்பது அதனால்தான்.

பழைய சொல்லை அழிக்கவும் வேண்டாம். 'காட்சிக் கலை' என்று தேடுவோருக்கு 'கட்புலக் கலை காண்க' என ஒரு குறிப்பு போடுங்கள். நாடக, திரைப்பட நூல்களுக்கு அந்தத் தலைப்பைக் கொடுக்காதீர்கள்.